மூன்று மெல்லிய தகடுகள்

ஆஸ்பத்திரி டிரைவர் அந்த ஹம்பரை என் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே இறங்கினான். "நானா, இது காரா, எருமை மாடா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் ஏன் திரும்ப மறுக்கிறது என்பது என் பெண்சாதி மஸீஹாவைத் தவிர்த்தால் உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த இன்னொருவர் எட்டு மாதங்களுக்கு முன் அதே காருக்குள் மௌத்தாகிப் போயிருந்தார்.

பின் சீட்டிலிருந்து சுசீலாதேவி மிஸி இறங்கினார். மலைக்கு அப்பால் பல்லேகமப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. முன்பு மெல்லிய உடம்பு; இப்போது இன்னும் மெலிந்திருந்தார்.

"நானா, இதுக்குப் பவர் ஸ்டியரிங் போட ஏலுமோ?" என்று கேட்டார். "எனக்கு இந்தக் கார் வேணும். எங்கட பக்கத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான். ஆனால் இதைத் திருப்ப எனக்குப் பலமில்லை. நான் ஒரு பக்கம் திருப்ப, ஆரோ மற்றப் பக்கம் பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

அது எழுபத்திரண்டாம் ஆண்டு. ஒரு பல்ப் வாங்குவதற்கே கொழும்பில் நாலு பேரைக் காக்காய் பிடிக்க வேண்டிய காலம். பழைய ஹம்பருக்குப் பவர் ஸ்டியரிங் என்றால் கண்டியில் உள்ள எந்த மெக்கானிக் பாஸும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பான். நான் உடனே, "ஏலும் மிஸி, செஞ்சி தாறன்" என்றேன். என் கெட்டித்தனத்தை நம்பி அப்படிச் சொல்லவில்லை. அந்த ஸ்டியரிங் பெட்டியை வேறு யாரும் கழற்றிப் பார்த்துவிடக் கூடாது என்ற பயத்தில் சொன்னேன்.

அதற்கும் இரண்டு வருடங்களுக்கு முன்னால் மிஸியின் புருஷன் ஆறுமுகநாதன் ஐயா ஒரு நாள் பலாபத்வலையில் உள்ள என் கராஜுக்கு வந்தார். நீர்ப்பாசன இலாகா என்ஜினியர். ஆறடி உயரம், உலக்கை மாதிரிக் கைகள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் அந்தக் காரை வாங்கியவர். மிஸிக்கு ஓட்டப் பழக்கியதும் அவரேதான். பழக்கிய நாட்களில் அவர் அடித்த பெருமை கொஞ்சமல்ல. பிறகு ரெஸ்ட் ஹவுஸில் கூட்டாளிமார், "இப்ப வீட்டிலை ஆர் டிரைவர், ஆர் கிளீனர்?" என்று கேலி பண்ணத் தொடங்கினார்கள். மிஸி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு வந்து போனதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவரிடம் போய்ச் சொன்னார்கள்.

"ஜமால்தீன், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுக்கி விடும்" என்று அன்று ஐயா என்னிடம் சொன்னார்.

"நல்லாத்தானே இருக்குது ஐயா?"

"அதுதானே பிரச்சினை." கதவில் சாய்ந்து நின்று சிகரட்டைப் பற்றவைத்தார். "ஓட்டாதையெண்டு நான் சொன்னால் வீட்டிலை சண்டை. கார் சொன்னால் அவ ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் என்பதுதான் உண்மை. ஸ்டியரிங் பெட்டியின் மூடிக்கு அடியில் கடதாசி மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கும். உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றையொன்று நெரிக்காமல் இடம் கொடுப்பவை அவைதான். அதில் மூன்றை எடுத்துவிட்டு மூடியை முறுக்கினேன். அரை மணி நேர வேலை. அவர் கைக்கு அந்தப் பாரம் தெரியவே இல்லை. நான் அதற்குக் கூலியும் கேட்கவில்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளை செய்கிற உதவி என்று பெருமையாக நினைத்தேன்.

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மஸீஹாவிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் பிடித்த அகப்பையோடு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொம்புள ஒங்களுக்கு என்னத்த செஞ்ச? பூனைக்கு வெளையாட்டு, எலிக்கு சீவன் போற. இது அந்தக் கததான்."

"சும்மா இரு. கார் ஓட்டாட்டி சீவன் போயிடுமா?" என்றேன். இந்த வாய் அன்று அப்படித்தான் சொன்னது.

மிஸி சில தடவை ஓட்டிப் பார்த்தாராம். கார் பழசானால் ஸ்டியரிங் இறுகும், உனக்குப் பலம் காணாது என்று ஐயா சொன்னாராம். அதோடு மிஸி விட்டுவிட்டார். ஐயாவும் மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

போன ஐப்பசி மாதம், அடை மழைக்குள் ஒரு நாள், பகல் சாப்பாட்டில் உட்கார்ந்த ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மாத்தளைக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆஸ்பத்திரி வண்டி வேறொரு நோயாளியோடு போயிருந்தது. இலாகா ஜீப் அணைக்கட்டில் நின்றது. மிஸி புருஷனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு தானே ஹம்பரை எடுத்தார். மலை ஏற்றத்தில், இடது பக்கம் மடிந்து ஏறும் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பவில்லை. பின்னுக்கு எடுத்தார், திரும்பவில்லை. இன்னொரு முறை எடுத்தார். மூன்றாவது முறை பின் சக்கரம் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லொறி வந்தபோது ஐயா முடிந்திருந்தார்.

மரண வீட்டுக்கு நானும் போனேன். மிஸி ஒரு நாற்காலியில் இருந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "என்ர கையிலை பலம் காணாமல் போச்சு." என்னிடமும் அதையே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மனுசன் என்று சொல்லிக்கொள்ள அன்றிலிருந்து எனக்கு வெட்கம்.

அந்தக் கார்தான் இப்போது என் கராஜுக்குள் நின்றது.

கொழும்பில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் என் மச்சான் ஸஹாப்தீனுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வெளிநாட்டுத் தூதரின் கார், இதே ஹம்பர், பத்து வயது இளையது, அடிபட்டுக் கிடக்கிறது. பவர் ஸ்டியரிங்கை முழுசாகக் கழற்றி லொறியில் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. அது வந்து சேரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்தப் பன்னிரண்டு நாட்களும் நான் காரில் எந்த வேலையும் தொடங்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் நேரே பார்க்க நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, சாவியை என் இடுப்பு வாரில் முடிந்து வைத்தேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து கராஜைத் திறந்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் ஒரு சாண் திரும்பியிருந்தது.

நேராக்கினேன். என் இரண்டு தோளும் வலித்தன. மறுநாளும் இடது பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட. தரை சரிவாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மட்டக்கோல் வைத்துப் பார்த்தால் தரை சரியாகவே இருந்தது. யாராவது புகுந்து விளையாடியிருப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் தொங்கினால்தான் அசையும் ஒரு ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. அதை இறுக்கியவனே நான், எனக்குத் தெரியாதா?

சாமான் வந்த பிறகு வேலையைத் தொடங்கினேன். காருக்கு அடியில் படுத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே முன் சீட்டின் ஸ்பிரிங் மெதுவாக நெரியும் சத்தம் கேட்கும். பாரமான ஓர் ஆள் உட்கார்ந்து கொஞ்சம் அசைந்தால் வருமே, அந்தச் சத்தம். எழும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. சீட்டில் ஐயா சாய்ந்திருந்து விழுந்த பள்ளம் மட்டும் இருக்கும். பட்டப் பகலில், ரோட்டில் லொறிகள் தம்புள்ளைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். சத்தம் நிற்கும். நான் படுத்ததும் மறுபடி கேட்கும்.

ஐயா எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். சொல்லாதே என்று சொல்ல வருகிறார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மற்றவன் வாயை மூட வேண்டும் என்கிறார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பழைய பெட்டி வெளியே வந்துவிட்டால் விஷயம் அதோடு போயிற்று.

மஸீஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டாள். "மிஸிக்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லி என்ன கெடைக்கும்? போன உசுரு வருமா?"

"போன உசுரு வராது. இருக்கிற உசுரு?" என்றாள். நான் அவள் மீது சத்தம் போட்டேன். குற்றமுள்ள நெஞ்சுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

வேலை லேசானதல்ல. எஞ்சின் சுற்றும்போது ஒரு சின்ன பம்ப் எண்ணெயைத் தள்ள வேண்டும், அந்த எண்ணெய் ஸ்டியரிங்கைத் தள்ள வேண்டும், கை வழி காட்டினால் போதும். அந்தப் பம்பை நிறுத்த ஹம்பரில் இடமே இல்லை. பழைய லொறிச் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி வளைத்துப் பூட்டி, டைனமோவுக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்தேன். ஸ்டியரிங் தண்டை அறுத்து ஒட்டினேன். குழாய்கள் மூன்று தடவை வெடித்து, முகமெல்லாம் எண்ணெய். வேலை தொடங்கி மூன்றாவது கிழமை, எஞ்சினை ஓடவிட்டு ஒரு விரலால் தொட்டேன். ஸ்டியரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பியது. வேறு நாளாக இருந்தால் மாத்தளை முழுக்கச் சொல்லிப் பீற்றியிருப்பேன்.

மிஸி பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பலாபத்வலைச் சந்தியில் இருந்து உள் ரோட்டில் திரும்பினோம். ஒரு வளைவு, இரண்டு வளைவு. எந்தச் சிரமமும் இல்லாமல் திரும்பியது. மிஸியின் முகத்தில் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இது எண்ணெயின்ர பலம். என்ர பலம் இல்லை" என்றார். "என்ர கைக்கு இனி இதுதான் சரி."

"அப்பிடிச் சொல்லாதீங்க மிஸி."

"இல்லை நானா. பிள்ளைப்பேறு வாட்டை விட்டிட்டன். பதினாலு வருசம் அங்கைதான் நிண்டனான். சரியா வராத பிள்ளையைக் கையாலைதான் திருப்பி எடுக்க வேணும். ஒரு ஸ்டியரிங்கைத் திருப்ப ஏலாத கை ஒரு பிள்ளையை என்னெண்டு திருப்பும்? எழுதிக் குடுத்திட்டன். இப்ப மருந்து குடுக்கிற அறையிலை நிக்கிறன்." அடுத்த வளைவையும் திருப்பினார். "போன கிழமை வாட்டிலை ஒரு பொம்பிளை கத்தினது எனக்குக் கேட்டது. என்னைக் கூப்பிட்டவை. நான் போகேல்லை. தாய் தப்பிவிட்டாள்."

தாய் தப்பிவிட்டாள் என்று மட்டும்தான் சொன்னார்.

ஒரு சீவன் என்றுதான் இத்தனை நாளும் கணக்குப் போட்டு ஒளித்திருந்தேன். இப்போது அது ஒன்றோடு நிற்கவில்லை. இன்னும் எத்தனை போகும் என்பதும் என் வாயில்தான் இருந்தது. அந்த நேரம் நான் உட்கார்ந்திருந்த சீட்டின் ஸ்பிரிங் எனக்குக் கீழே மெதுவாக நெரிந்தது. நான் அசையவில்லை.

"மிஸி, காரை நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா கேட்டதைச் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடட்டும் என்றே சொன்னேன். ஐயா மேல் முழுப் பழியையும் போட ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன்.

மிஸி அழவில்லை. கத்தவுமில்லை. எஞ்சினை நிறுத்தினார்.

"எத்தினை தகடு?"

"மூணு."

"அதை எடுக்காமல் விட்டிருந்தால் அண்டைக்கு நான் திருப்பியிருப்பனோ?"

பொய் சொல்ல அது நல்ல இடம். சொல்ல ஏலாது மிஸி, மழை, ஏற்றம், பாரமான கார் என்று என்னென்னவோ சொல்லியிருக்கலாம். "திருப்பியிருப்பீங்க" என்றேன்.

எதிரே ரோட்டைப் பார்த்தபடி, என்னோடு பேசாதவர் மாதிரிப் பேசினார்.

"அந்த வளைவிலை அவர் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிச்சவர். பேச ஏலாது, மூச்சு வாங்குது, ஆனாலும் பிடிச்சு இடது பக்கம் இழுத்தவர். நான் நினைச்சன், சாகிற நேரத்திலையும் என்ர ஓட்டத்திலை பிழை பிடிக்கிறாரெண்டு. 'கையை எடுங்கோ' எண்டு தட்டி விட்டன். அதுதான் நான் அவரோடை கடைசியாக் கதைச்சது."

இத்தனை நாளும் காலையில் ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியிருந்தது என்னை மிரட்டுவதற்கு அல்ல. அந்த மனுசன் அந்த வளைவிலேயே நின்றுகொண்டிருந்தார். தான் பூட்டியதைத் தானே திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"பழசைப் பூட்டுங்கோ" என்றார் மிஸி. "அந்தத் தகடுகளோடை."

"மிஸி, இது இவ்வளவு லேசா..."

"பழசைப் பூட்டுங்கோ, நானா."

மூன்று கிழமை போட்டதை மூன்று நாளில் கழற்றினேன். புதிதாக மூன்று தகடு வெட்டி, அளந்து, வைத்து மூடினேன். எண்ணெயும் கிரீஸும் மாற்றினேன். வாழ்நாளில் ஒரு வேலையை அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. அந்த மூன்று நாளும் சீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கராஜில் இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பது போலவே இருந்தது.

நாலாம் நாள் காலையில் மிஸி வந்தார். என்னைப் பக்கத்துச் சீட்டில் ஏறச் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாத்தளை, ரத்தோட்டை, அதற்கு மேல் மலை. மேலே போகப் போக முகில் ரோட்டுக்கே இறங்கி வந்தது. கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது ஓர் இடத்தில் மெதுவாக்கினார். இதுதான் அந்த வளைவு என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தாண்டிக் கீழே இறங்கி, அகலமான ஓரிடத்தில் காரைத் திருப்பி, அன்று வந்த திசையிலேயே மேலே ஏறத் தொடங்கினார்.

நான் உட்கார்ந்திருந்தது அன்று ஐயா இருந்த சீட். கண்ணாடிக்கு வெளியே கான் தெரிந்தது.

மிஸி கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் வளைத்தார். பாரம் இருந்தது, பழைய ஹம்பர், பூ மாதிரித் திரும்பாது. கழுத்து நரம்பு புடைத்தது, உதட்டைக் கடித்தார். ஆனால் திரும்பியது. நிறுத்தாமல், பின்னுக்கு எடுக்காமல், ஒரே வளைப்பில் கார் சுற்றி மேலே வந்து நேராகியது.

கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். மரண வீட்டில் பார்த்த மாதிரிப் பார்க்கவில்லை. களவு போய்த் திரும்பக் கிடைத்த ஒரு பொருளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அப்போதுதான் அழுதார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பார்க்க உரிமை இல்லாத அழுகை அது.

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு இரண்டு மணிக்கு டியூட்டி" என்றார். "வாட்டிலை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"இறங்குங்கோ."

முகில் கனத்து வந்தது. ரத்தோட்டைக்குப் பல மைல். "மழை வரும் போல இருக்குது மிஸி" என்றேன்.

"தெரியும். இறங்குங்கோ."

இறங்கினேன். கதவை மூடப் போனேன். மிஸி, வேண்டாம் என்று கையைக் காட்டினார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவர் வெறும் சீட்டைப் பார்த்தார், நான் எழும்பிய இடத்தைப் பார்த்தார்.

"நீங்களும்" என்றார்.

சீட்டின் ஸ்பிரிங் மெதுவாக நெரிந்து, பிறகு மேலே எழும்பியது. மிஸி எட்டிக் கதவைச் சாத்தினார். நாலு முறை முன்னும் பின்னும் எடுத்து, அந்த ஒடுக்கமான ரோட்டிலேயே காரைத் திருப்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்கிப் போனார். வளைவில் ஒரு தடவை கூட பிரேக் வெளிச்சம் எரியவில்லை.

நான் ரத்தோட்டைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். என் காலடிக்கு அரைக் காலடி பிந்தி, பாரமான இன்னொரு காலடி சரளைக் கல்லில் விழுந்துகொண்டு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு நடந்தோம்.